இசட் புள்ளி கேளாத கேள்வி



பட்டமளிப்பு முடிந்த காலங்களில் நமது அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரே விசாரிப்பு திரும்பத் திரும்ப இருக்கும். "சேர், முதுமாணி எங்கே செய்யலாம்? எதில் செய்தால் நல்லது?" வந்தாறுமூலையில் விவசாயம் முடித்த பிள்ளையும் கேட்கிறார், கல்லடியில் நாடகமும் அரங்கியலும் படித்தவரும் கேட்கிறார், ஒலுவிலில் முகாமைத்துவம் படித்துவிட்டு வங்கியொன்றில் பயிலுநராக இருப்பவரும் கேட்கிறார். சிலவேளை தாய்மார் எழுதுகிறார்கள். மகள் மேலே படிக்க ஆசைப்படுகிறாள், எங்களுக்கு வழி தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதி வந்தேன். இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பதிலுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கே, எதில் என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை நமது பிள்ளைகளை வேறு யாரோதான் தெரிவு செய்திருக்கிறார்கள். 2001இல் இருந்து இசட் புள்ளி. அந்தப் புள்ளியைக் கொண்டு பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தேசிய மட்டத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிகுதி கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிட்டார்கள். எந்தப் பாடநெறி, எந்த வளாகம் என்பதை வெட்டுப்புள்ளி சொல்லிவிடும். வெல்லாவெளியில் இருந்து வரும் ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்குள் நுழைய அந்த ஏற்பாடு உதவியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

பட்டப்பின் படிப்புக்கு மாவட்டக் கோட்டா கிடையாது. வெட்டுப்புள்ளியும் கிடையாது. அங்கே உங்கள் முன்னால் வைக்கப்படுவது ஒரு வெற்றுத்தாள். நீங்கள் எதை அறிய விரும்புகிறீர்கள், அதை ஏன் அறிய வேண்டும், யாரிடம் கற்க விரும்புகிறீர்கள் என்று அந்தத் தாள் கேட்கும். பதினாறு ஆண்டு மற்றவர்கள் தந்த வினாக்களுக்கு விடை எழுதிப் பழகிய கைக்கு, தானே வினாவை எழுத வேண்டிய இடம் இதுதான் முதல்முறை. கடிதங்களில் நான் காணும் தயக்கம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. புள்ளி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல அது. முதல் வகுப்பில் சித்தியடைந்தவர்களும் இதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

நமது கிழக்கு மண்ணில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணமும் அந்தத் தயக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

1960களின் இறுதியில் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற இளம் அமெரிக்க மாணவர் அக்கரைப்பற்றுக்கு வந்தார். நமது குடி முறை, தாய்வழி உரிமை, தமிழரும் முஸ்லிம்களும் அயலவர்களாக வாழும் விதம் ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதினார். சிக்காகோ பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் தந்தது. பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்த அந்த ஆய்வு 2008இல் ஒரு பெரிய நூலாக வந்தது. மார்க் விட்டேகர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் இருந்து மண்டூருக்கு வந்து, முருகன் கோயிலின் நிர்வாகத்தையும் அதைச் சுற்றிய பிணக்குகளையும் ஆராய்ந்தார். பற்றீசியா லோறன்ஸ் போர்க்காலத்தில் வந்தார். அம்மன் கோயில் சடங்குகளில் தெய்வமாடி வாக்குச் சொல்பவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரத்தை எப்படித் தாங்கிக்கொடுத்தார்கள் என்று எழுதி 1997இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். நாம் வருடந்தோறும் குளிர்த்திச் சடங்குக்குப் போய் வந்த கோயில், பாட்டி பெயரில் இருந்து அம்மா பெயருக்கும் அம்மா பெயரில் இருந்து அக்கா பெயருக்கும் மாறிய வீடு, இவைதான் அவர்களுடைய ஆய்வுப் பொருள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை, நன்றிதான் உண்டு. நமது பிள்ளைகளில் இன்னும் பலர் அந்த வரிசையில் நிற்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நின்றவர்களும் இருக்கிறார்கள். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை உடம்பால் ஆடி அறிந்த சி. மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றியே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார். பேராதனையில் மாணவராக இருந்தபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரித்த இராவணேசனில் இராவணனாக ஆடியவர் அவர். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே ஆய்வுக்குள் கொண்டுவந்தார். இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கேள்வி அவர் வளர்ந்த ஊரிலேயே இருந்தது. ஆய்வேடு தமிழில் எழுதப்பட்டது. தமிழ்மூலத்தில் படித்த கலைப்பீடப் பிள்ளைகள், ஆங்கிலம் போதாது என்பதால் தமக்கு இனி வழியில்லை என்று எழுதும்போதெல்லாம் இதை நினைவூட்டுகிறேன். ஆங்கிலம் வேண்டும், அதைக் கற்றேயாக வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

விபுலாநந்த அடிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரை யாழ் நூலோடும் துறவோடும் நினைக்கிறோம். விண்ணப்பித்து, பரீட்சை எழுதி, வேலை செய்துகொண்டே மேலே மேலே படித்த ஒரு மாணவராக நினைப்பதில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த, துறவுக்கு முன் மயில்வாகனன் என்ற பெயர் கொண்ட அவர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் சித்தியடைந்தார். அதன்பின் ஆசிரியர் வேலை, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. 1916இல் கொழும்பு தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையில் இருந்து அப்பரீட்சையில் தேறிய முதலாமவர் அவரே. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்துக்கு வெளிவாரியாகப் படித்து 1920இல் விஞ்ஞானமாணியானார்.

அந்த 1920ஐ நினைத்துப் பாருங்கள். அப்போது இந்தத் தீவில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதே அடுத்த ஆண்டில்தான். வழிகாட்ட ஒரு பேராசிரியர் பக்கத்தில் இல்லை, நூலகம் இல்லை, வினாத்தாள் கப்பலில் வரும். பௌதிகம் படித்த அந்த மனிதர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே பதவியை ஏற்றார். பழந்தமிழ் யாழ்கள் எப்படி ஒலித்திருக்கும் என்ற கேள்விக்குத் தமிழ் இலக்கியத்தையும் ஒலியியல் கணிதத்தையும் ஒருசேரக் கொண்டுபோனார். யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார். "நான் படித்தது ஒன்று, விருப்பம் வேறொன்று, இரண்டும் பொருந்தாதே" என்று எழுதிய தங்கச்சிக்கு இந்தப் பந்தியே என் பதில்.

நமது நிலம் பிள்ளைகளை நிம்மதியாகக் கேள்வி கேட்க விடவில்லை என்பதும் உண்மைதான். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமானது. நான்கே ஆண்டில் அந்த வளாகம் அகதிமுகாமாகியது; 1990 செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவேயில்லை. 2006 டிசம்பரில் உபவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். இவ்வளவையும் கடந்து அங்கே விரிவுரைகள் நடக்கின்றன, பிள்ளைகள் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சரி, கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது? மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். 56 கிலோமீற்றர் நீளம். மாரி மழை கொட்டி வயல் மூழ்கினால் முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கச்சேரிக்குப் போவார்கள். மீன்பிடிக்காரருக்கு வேறு கவலை: அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், உவர் உள்ளே ஏறும். பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் வருடந்தோறும் நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தையை நாம் ஒரு தகராறாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதற்குள் ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கிறது. விண்ணப்பத்தின் முதல் வரியில் "சிறுவயது முதலே எனக்குச் சுற்றாடலில் ஆர்வம் உண்டு" என்று எழுதினால் தெரிவுக்குழு அடுத்த தாளுக்குப் போய்விடும். அதே பிள்ளை, "எங்கள் வாவியின் நீர்மட்டம் எவ்வளவு உயரும்போது ஆற்றுவாயை வெட்டினால் வயலுக்கும் மீனுக்கும் வரும் நட்டம் மிகக் குறைவாக இருக்கும்? அதை அளந்து சொல்ல விரும்புகிறேன்" என்று தொடங்கினால், நெதர்லாந்தில் நீரியல் கற்பிக்கும் பேராசிரியரும் நிமிர்ந்து உட்காருவார். உலகெங்கும் கடலோரக் களப்புகளில் இதே சிக்கல் இருக்கிறது. அதன் உள்ளே வளர்ந்தவர் நீங்கள்.

சட்டம் படிப்பவருக்கு, சொத்துரிமை பற்றிய மட்டக்களப்பின் வழக்குச் சட்டமான முக்குவர் சட்டம் இருக்கிறது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அதை நூலாக்கினார். அதே ஆண்டின் கட்டளைச்சட்டம் அதன் சட்ட வலுவை எடுத்துவிட்டது. ஆனாலும் சீதனக் காணியும் வீடும் பெண்பிள்ளைக்கு என்ற வழக்கம் வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்றுவரை நடக்கிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத உரிமை ஊரில் எப்படி உயிரோடு இருக்கிறது? சுனாமிக்குப் பின் புதிய வீடுகளின் உறுதி யார் பெயரில் எழுதப்பட்டது, அதனால் அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று? ஒரு முதுமாணி ஆய்வுக்கு இது போதும், கலாநிதிக்கும் இடமுண்டு. பொருளியல் படித்தவர் நுண்கடனில் சிக்கிய பெண்களின் கணக்குக் கொப்பிகளைப் படிக்கலாம். எனக்குத் தெரிந்த துறைகளில் இருந்து சொல்கிறேன். உங்கள் துறையில் உங்களுக்குத்தான் தெரியும்.

எல்லோரும் ஆய்வுக்காகவே மேலே படிப்பதில்லை. அதுவும் நியாயமானதே. ஆசிரிய நியமனம் பெற்ற பட்டதாரிக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா தொழிலின் தேவை. அதை முதலில் முடியுங்கள், முதுமாணியைப் பிறகு பார்க்கலாம். வைத்தியர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் ஒன்றுதான் வழி: தெரிவுப் பரீட்சை, ஆண்டுக்கணக்கான பயிற்சி, அதன் ஒரு பகுதி வெளிநாட்டில், பின்னர் விசேட வைத்திய நிபுணர். நமது போதனா வைத்தியசாலையில் நிபுணர்கள் நிலைக்க வேண்டுமானால் இந்த மண்ணின் பிள்ளைகள் அந்தப் பாதையில் போக வேண்டும். சட்டக் கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் மொழியைக் காரணமாக்கிப் பின்வாங்க வேண்டாம்.

உள்நாட்டிலேயே முதுமாணி செய்ய நினைப்பவர்கள் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், பலருக்கு இது பின்னால்தான் தெரியவருகிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 நிலைகள் உள்ளன. மூன்று வருடப் பட்டம் 5ஆம் நிலை, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை. முதுமாணி என்ற ஒரே பெயரில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. 9ஆம் நிலை 30 கிரெடிட், பாடங்களோடு முடிந்துவிடும். 10ஆம் நிலை 60 கிரெடிட், ஆய்வேடு உண்டு. பதவி உயர்வுக்கு முன்னையது போதுமாக இருக்கலாம். என்றாவது கலாநிதிக்குப் போகும் எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் ஆய்வு உள்ளதையே எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் இது எத்தனையாம் நிலை என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஏனென்றால் இலவசக் கல்வி முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது; அதற்குமேல் பெரும்பாலான பாடநெறிகள் கட்டணத்துக்குத்தான். விவசாயப் பிள்ளைகளுக்குப் பேராதனையில் 1975இல் தொடங்கிய பட்டப்பின் விவசாய நிறுவகம் இருக்கிறது. விரிவுரையாளர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் மாதப்படியோடு முதுதத்துவமாணி செய்யும் வாய்ப்பும் அங்கங்கே கிடைக்கும். அதைப் பத்திரிகை விளம்பரத்தில் காண்பது அரிது, துறைக்குள் விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

வெளிநாடு என்றதும் வீட்டில் முதலில் எழுவது பணப் பேச்சு. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியபோது விண்ணப்பக் கட்டணமே பலருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. காணியை ஈடு வைத்து அனுப்பலாமா என்று ஒரு தகப்பன் கேட்டிருந்தார். ஐயா, தயவுசெய்து பொறுங்கள். கட்டணம் கட்டிப் படிக்கும் ஓராண்டு முதுமாணிக்குக் காணி ஈட்டுக்குப் போக வேண்டியதில்லை. வேறு கதவுகள் இருக்கின்றன, அவற்றை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பல துறைகளில் முதுமாணி இல்லாமல் முதல் பட்டத்தோடே நேராகக் கலாநிதிக்கு விண்ணப்பிக்கலாம். எடுத்துக்கொண்டால் கட்டணமும் இல்லை, கற்பிக்கும் அல்லது ஆய்வு செய்யும் வேலைக்கு மாதப்படியும் உண்டு. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை, ஆயினும் ஒரு வருடச் செலவுக்கு 11 ஆயிரம் யூரோவுக்கு மேல் முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். நோர்வே 2023இல் இருந்து நமக்குக் கட்டணம் அறவிடுகிறது. அங்கே இருக்கும் மாமா சொன்ன பழைய தகவலை நம்பி இருக்க வேண்டாம். பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், மணிக்கணக்கில் 2,800. முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு; ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கு அது பாரமாக இராது. அமெரிக்காவின் புல்பிரைட் புலமைப்பரிசிலுக்கான ஆணைக்குழு 1952இல் இருந்து கொழும்பில் இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம், புலமைப்பரிசில் பெற்றால் மாதம் 1,400 யூரோ. ஜப்பானிய அரசின் உதவித்தொகையும், முதுமாணிக்கு இந்தியா தரும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் நமது பிள்ளைகள் போதிய அளவு விண்ணப்பிக்காதவை என்றே நினைக்கிறேன்.

மட்டக்களப்பு பார் வீதியிலும் கல்முனையிலும் மாணவர் விசா விளம்பரப் பலகைகள் நிறைய இருக்கின்றன. முகவரிடம் போவது குற்றமில்லை. ஆனால் மேலே சொன்ன புலமைப்பரிசில்கள் எதற்கும் முகவர் தேவையில்லை, அவற்றை அவர் உங்களுக்குச் சொல்லப்போவதும் இல்லை, ஏனெனில் அவருக்கு அதில் வருமானம் கிடையாது. இன்னொன்று: கணவனோ மனைவியோ கூடவே வரலாம் என்று நம்பி பிரித்தானியாவில் பாடநெறி முதுமாணிக்குப் போகும் வழி 2024 ஜனவரியோடு அடைபட்டுவிட்டது. இது தெரியாமல் முற்பணம் கட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன். மனம் கனத்துவிட்டது.

காலத்தைப் பற்றி. செப்டம்பரில் வகுப்புத் தொடங்க வேண்டுமானால் முந்தைய ஆண்டின் மே, ஜூனிலேயே வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், செவ்னிங் ஆகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும், ஜப்பானியத் தூதரகத்தின் அழைப்பு வழமையாக ஏப்ரல், மேயில் வரும். ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே அதை மிக முன்னதாக எழுதி வைப்பதிலும் பயனில்லை. பல்கலைக்கழக வேலைநிறுத்தத்தால் இறுதிப் பெறுபேறு தாமதமானால் பதிவாளரிடம் ஒரு கடிதம் பெற்று, இதுவரையான பெறுபேறுகளோடு விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் ஒரு முழு ஆண்டைக் கைவிட்ட பிள்ளைகள் உண்டு.

கடதாசிகள் நமது பகுதிக்கே உரிய ஒரு தொல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் மூன்றாவது. தகப்பன் பெயர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதில் வேறு குழப்பம். இடப்பெயர்விலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் மூலப் பத்திரங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் நாவலடியில் இருந்து கல்லாறு வரை இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதி எடுத்து, பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா விண்ணப்பத்திலும் போடுங்கள். இந்த வேலையை இன்றே தொடங்கலாம், எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரியாவிட்டாலும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். "சேர் என்னை நினைவில் வைத்திருப்பாரோ தெரியாது" என்கிறார்கள். நினைவில் வைத்திருக்க அவருக்கு உதவுங்கள். நீங்கள் செய்த ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு, பெற்ற புள்ளி, விண்ணப்பிக்கும் பாடநெறி, முடிவுத் திகதி, இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கொடுங்கள். விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். "கீழ்ப்படிவும் ஒழுக்கமும் உள்ள மாணவி" என்ற வாசகம் வெளிநாட்டுக் குழுவுக்கு எதையும் சொல்லாது. மழைக்காலத்தில் வவுணதீவுக்குப் போய் மண் மாதிரி எடுத்து வந்த அந்தப் பிள்ளையைப் பற்றி, அவள் எடுத்த மாதிரியைப் பற்றி, அதில் அவள் கண்ட பிழையைப் பற்றி எழுதுங்கள். நீங்கள் எழுதும் பத்து வரியில் ஒரு வாழ்க்கை திரும்பும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் சில சொற்கள். "படிச்சது காணும் மனே, இனி ஒரு கலியாணத்தப் பார்ப்பம்" என்று சொல்லும் தாயின் பயம் எனக்கு விளங்குகிறது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்ததை நாமெல்லோரும் பார்த்தோம். படித்த பிள்ளை தெருவில் இருப்பதைக் கண்ட ஊர், மேலும் படி என்று சொல்லத் தயங்கும். ஆனால் வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கும் மரபு நம்முடையது. மகளுக்கு ஒரு நிலையான அடி வேண்டும் என்று நமது முன்னோர் நினைத்தார்கள். இரண்டு வருடம் மேலே படிப்பதையும் அந்தச் சீதனக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். குருமண்வெளியில் இருந்து படகுப் பாதையில் ஏறி மண்டூருக்குப் போய்க் கற்பிக்கும் ஆசிரியைகள், வேலையோடு வார இறுதி வகுப்புக்குப் போய் முதுமாணி முடித்ததை நான் அறிவேன். கணவரும் மாமியாரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வீடுகள் அவை.

இனி உங்கள் முறை. அடுத்த இதழில் இருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டு பக்கங்களை இதற்கென ஒதுக்குகிறோம். நீங்கள் மேலே படித்து அறிய விரும்பும் கேள்வியை ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்தந்தத் துறையில் கற்பிக்கும் நண்பர்கள் சிலர் வாசித்துத் திருத்தித் தர இசைந்திருக்கிறார்கள். பெயரை வெளியிட மாட்டோம். எந்தப் பல்கலைக்கழகம், எந்த நாடு என்று அதில் எழுத வேண்டாம்; கேள்வியை மட்டும் எழுதுங்கள். இடத்தை அதன்பிறகு சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்